கவிழ்த்து வைத்த குடம்

அக்கா பெருமாள் திருவடி சேர்ந்து இன்றோடு வருஷம் திரும்புகிறது. அக்காவைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர் எங்கள் அண்ணாதான். அண்ணா எழுதினால் ஒரு சந்திப்பிழை இருக்காது. ஆனால் அடுத்த வருஷத் திதிக்குத்தான் எழுதி முடிப்பார். அதனால் இந்தப் பொறுப்பு, குடும்பத்தில் எதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் என்று பெயரெடுத்த என் தலையில் விழுந்தது. யுத்தம் முடிந்தும் காகிதக் கட்டுப்பாடு முடியவில்லை. திருப்பதி அச்சுக்கூடத்துக்காரர், "இவ்ளோதான் காகிதம் சார், இதுக்குள்ள உங்க அக்காவ அடக்குங்க" என்றார். உயிரோடு இருந்தபோது ஒரு ஊரே சேர்ந்து அடக்க முடியாத அக்காவை அடக்க வந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நாங்கள் கொத்தபேட்டைக்கு வந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் தாத்தா, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து மனைவியையும் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரே பெண்ணையும் கூட்டிக்கொண்டு திருமலைக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். வேண்டுதல் என்று எங்கள் அப்பா, நைனா, சொல்வார். ஊரில் துன்ன ஒன்றுமில்லை, மலையில் பிரசாதமாவது கிடைக்கும் என்பதுதான் அந்த வேண்டுதல் என்று நான் சொல்வேன். வடமாலபேட்டையைத் தாண்டி, இன்று நம் கிணறு இருக்கும் இடத்துக்கு வந்தபோது குழந்தை தண்ணீர் கேட்டது. அங்கே ஒரு புளியமரமும் கள்ளியும் தவிர ஒன்றும் இல்லை. தாத்தா ஆற்றுக்கு ஓடினார். ஆறு காய்ந்திருந்தது. மணலைக் கையால் பறித்து, ஊறிய தண்ணீரில் மேல்துண்டை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்த ஈரம் குழந்தைக்குத் தேவைப்படவில்லை.

தாத்தா அதற்கு மேல் மலைக்குப் போகவில்லை. குழந்தையை அங்கேயே புதைத்தார், அங்கேயே தங்கினார், அங்கேயே கிணறு வெட்டினார். கிணற்றை ஒட்டிச் சாலையில் போகிற யாத்ரீகர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வந்தது. பந்தலை ஒட்டி வண்டிப்பேட்டை, அதை ஒட்டிச் செட்டியார் கடை, அப்புறம் முன்சீப் ரெட்டியார் வீடு என்று ஊர் வளர்ந்தது. இறந்த குழந்தையை நாங்கள் பெரிய அத்தை என்போம். எங்கள் வீட்டிலேயே வயதில் சிறியவள் அந்தப் பெரிய அத்தைதான்.

தாத்தா ஒரு வழக்கம் வைத்தார். தினமும் காலையில் கிணற்றில் முதல் குடத்தை எங்கள் வீட்டுப் பெண்தான் இழுக்க வேண்டும். வந்த மருமகள் இல்லை, பிறந்த பெண். இழுத்ததும் முதல் வாய்த் தண்ணீரை அவளே குடிக்க வேண்டும். அது பெரிய அத்தைக்குக் கிடைக்காத வாய். மீதி பந்தலுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் ஊர் கயிறு போடும். ஒரு முறை யாரோ முந்திக்கொண்டு கயிறு போட்டதாகவும், அந்தக் கோடையில் கிணறு வற்றியதாகவும் சொல்வார்கள். அந்தக் கோடையில் ஜில்லா முழுவதும் கிணறு வற்றியது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள். எப்படியோ, அதற்குப் பிறகு எங்கள் குடம் ஏறாமல் அந்தக் கிணற்றில் ஒரு கயிறும் இறங்கியதில்லை.

அக்கா நைனாவுக்கு மூத்த குழந்தை, ஒரே பெண். அண்ணாவும் நானும் பின்னால் வந்த சுமைகள். அக்காவைக் காளஹஸ்தியில் சாயத்துணி வியாபாரம் செய்த குடும்பத்தில் கொடுத்தார்கள். அத்தான் தங்கமானவர். என் ஹாஸ்யத்துக்குச் சிரித்த ஒரே மனிதர் அவர்தான் என்பதால் இதில் நான் கொஞ்சம் ஒருதலைப்பட்சம். ஒரு வருஷம் அங்கே வாந்திபேதி வந்தது. அவர்கள் தெருவுக்கு ஒரே கிணறு. அத்தானும் அவர் தாயாரும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அக்கா மட்டும் ஒரு துணி மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்தத் தெருவில் என்ன பார்த்தார் என்று அக்கா சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஆனால் அன்று முதல் யார் கையில் தண்ணீர்ச் செம்பைக் கண்டாலும் "எங்க மொண்டது?" என்று கேட்கும் பழக்கம் அவருக்கு வந்தது.

அதுவரை இழுத்துவந்த சின்ன அத்தையும் காலமாகி, வீட்டில் அப்போது பிறந்த பெண் வேறு யாரும் இல்லாததால் முதல் குடம் மறுபடி அக்காவிடம் வந்தது. தாலி இழந்தவள் கையால் ஊருக்கு முதல் குடமா என்று முன்சீப் வீட்டு மங்கம்மா நடுத்தெருவில் கேட்டார். நைனா அக்கா கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கயிற்றைக் கொடுத்துவிட்டு, குடம் மேலே வரும்வரை பக்கத்திலேயே நின்றார். ஊர் முணுமுணுத்துவிட்டுக் குடிக்கத் தொடங்கியது.

இப்போது அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அக்காவைப் பற்றி நான் ஒன்றுதான் எழுதலாம் என்றால் இதைத்தான் எழுதுவேன்.

அன்று விடிந்ததும் அக்கா குடத்தோடு கிணற்றுக்குப் போனார். வண்டிப்பேட்டையில் தங்கியிருந்த ஒரு யாத்ரீகக் குடும்பத்துப் பெண், மாட்டுத்தொட்டியில் மொண்டு கிணற்று மேடைமேல் ஒரு வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கெணத்து மேலயா தொவைக்கறது?" என்று அக்கா கேட்டார்.

"அவருக்கு ஒடம்பு சரியில்லக்கா. படுத்ததுலேர்ந்து வாந்தி, பேதி. மாத்துத்துணி இல்ல."

அக்கா வேட்டியைப் பார்க்கவில்லை. அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தார். மேடையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதைப் பூசச் சொல்லி அக்கா ஆறு மாதமாக என்னிடமும் அண்ணாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கிக் கிணற்றுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அந்தப் பெண்ணிடம் நயமாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, கொண்டுபோன பித்தளைக் குடத்தைக் கிணற்றுச் சுவர்மேல் வாய் கீழாகக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களைக் கூப்பிட்டார். அண்ணாவைச் சைக்கிளில் திருப்பதிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டரை அழைத்துவர அனுப்பினார். என்னைக் காவலுக்கு நிறுத்தினார். என் உடம்பைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். நான் அப்போது ரேணிகுண்டாவில் கூட்ஸ் குமாஸ்தா. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ரகம்.

முதலில் செட்டியார் குடத்தோடு வந்தார்.

"இன்னா தம்பி, குடம் கவுந்துகினு கீது? உங்க அக்காவுக்கு ஒம்மேல கோவமா, ஊர் மேல கோவமா?"

"எம்மேல எப்பவுமே கீது. ஊர் மேல இன்னிக்குத்தான்."

அக்கா விஷயத்தைச் சொன்னார். செட்டியார் கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணி கண்ணாடியாட்டம் கீதேம்மா" என்றார்.

"காளாஸ்திரியிலயும் கண்ணாடியாட்டந்தான் இருந்திச்சி" என்றார் அக்கா.

வெயில் ஏறியது. குடங்கள் வரிசையாக நின்றன. முதல் நாள் மொண்டு வைத்த தண்ணீர் எங்கள் வீட்டில் ஒரு அண்டா இருந்தது. அதைக் காய்ச்சிச் சிறு பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கும் பெண்களுக்கும் மட்டும் அக்கா அளந்து கொடுக்கச் சொன்னார். மற்றவர்களை ஆற்றில் ஊற்றுத் தோண்டி எடுக்கச் சொன்னார். கண்ணெதிரே கிணற்றை வைத்துக்கொண்டு யார் ஆற்றுக்குப் போவார்கள்? ஒருவரும் நகரவில்லை. அதற்குள் சாலையில் கோவிந்தா சத்தம் கேட்டது. மலைக்குப் போகிற கூட்டம் வந்துகொண்டிருந்தது. எங்கள் பந்தலை நம்பி அந்த வழியில் யாரும் தண்ணீர் சுமந்து வருவதில்லை.

மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர், தோளில் பையனோடு பந்தலுக்குள் வந்தார். பானைகளைத் திறந்து பார்த்தார். எல்லாம் காலி.

"இன்னாம்மா, தண்ணிப் பந்தல்னு வச்சிக்கினு தண்ணி இல்லியா?"

"புள்ளைக்குத் தரேன், எறக்குங்க" என்றார் அக்கா. "உங்களுக்கு இல்ல. கோச்சுக்காதீங்க. கெணத்துல வாந்திபேதி எறங்கிக்கீது. குடிச்சா மலை ஏற மாட்டீங்க."

அவர் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, காலிச் செம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். போகவில்லை. பின்னால் வந்தவர்களும் போகவில்லை. தெலுங்குக் குடும்பங்கள் "நீள்ளம்மா, நீள்ளு" என்று கைகளைக் குவித்துக் காட்டின. ஒரு வயதானவர் பந்தல் கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா திரும்பவில்லை. அவர் உதடும் காய்ந்துதான் இருந்தது. காலையிலிருந்து அவரும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

உச்சிவெயிலில் மங்கம்மா வந்தார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவர் வழக்கம்.

"ஏமி இது அந்நியாயம்! கெணறு உங்க தாத்தா வெட்டினாரு சரி. தண்ணி உங்க தாத்தா பண்ணாரா? தாலி போனவ கை பட்டா தண்ணி கெடும்னு அன்னைக்கே சொன்னேன். இன்னைக்கு அவளே சொல்றா, கெட்டுப் போச்சுன்னு!"

"சொன்னீங்கம்மா" என்றார் அக்கா. "காளாஸ்திரியிலயும் நெறைய பேர் என்னென்னமோ சொன்னாங்க. செத்தவங்க மட்டும் ஒண்ணும் சொல்லல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ கல் எறிந்தார்கள். கல் குடத்தில் பட்டு ஊருக்கே கேட்கும்படி ஒலித்தது. காவல்காரனாகிய நான் சட்டென்று குடத்துக்குப் பின்னால் குனிந்தேன். குடம் என்னை மறைக்கப் போதவில்லை. அக்கா இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த நசுங்கல் இன்றைக்கும் குடத்தில் இருக்கிறது.

அண்ணா திரும்பி வரவில்லை. கூட்டம் நெருங்கி வந்துகொண்டே இருந்தது. அப்போது நைனா வந்தார்.

அவரைக் கண்டதும் வழி விட்டார்கள். எனக்கும் மூச்சு வந்தது. ஊரே எதிர்த்தபோது அக்கா கையில் கயிற்றைக் கொடுத்தவர் அல்லவா? ஆனால் நைனா கூட்டத்தைப் பார்க்கவில்லை. பந்தல் கம்பத்தடியில் சுருண்டிருந்த வயதானவரையே பார்த்தார். நைனாவின் முகம் நான் அதுவரை பார்க்காத முகமாக இருந்தது.

"கொடத்த நிமுத்தும்மா" என்றார்.

"வேணாம் நைனா."

"எங்க நைனா எதுக்கு இங்க உக்காந்தாரு? மலைக்குக்கூடப் போவாம? தாகம்னு வந்தவங்கள இல்லன்னு அனுப்பக்கூடாதுன்னுதானே. எங்க அக்கா செத்த எடம்மா இது. இங்க வந்து நீ தண்ணி இல்லன்றியே."

"அத்தை தண்ணி இல்லாம செத்தாங்க. இவங்க இந்தத் தண்ணியால சாவாங்க. எதுல நைனா புண்ணியம்?"

"அது ஒனக்கு எப்படித் தெரியும்? எறங்குச்சோ, எறங்கலியோ!"

"தெரியாது" என்றார் அக்கா. "தெரியாததாலதான் உக்காந்துக்கீறேன்."

அப்போது மங்கம்மா கேட்டார்: "பொறந்த பொண்ணுதானே இழுக்கணும்? அந்த வீட்ல அவ ஒருத்திதானா பொண்ணு? தம்பி பொண்ணு ஒண்ணு கீதே!"

என் மகள். சின்னஞ்சிறு குழந்தை, குடத்தின் உயரம்கூட இருக்க மாட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் பிறந்த பெண். வழக்கத்தில் வயது சொல்லப்படவில்லை. கயிற்றில் அவள் கையை வைத்துப் பெரியவர் ஒருவர் இழுத்தால் போதும். கூட்டத்துக்கு இது சட்டென்று புரிந்தது. "ஆமா, ஆமா" என்றார்கள். நைனா வீட்டுக்குள் போய்க் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவளுக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தது. இத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கும் வாயைத் திறக்கிறவன் நான். சாவு வீட்டில்கூட என்னை வெளியே நிற்க வைப்பார்கள், எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று. அன்று என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் நைனா, ஒரு பக்கம் அக்கா, நடுவில் என் பெண்.

நைனா குடத்தை நிமிர்த்தினார். கயிற்றை மாட்டினார். அக்கா தடுக்கவில்லை. எழுந்து நின்று, சத்தம் போடாமல் சொன்னார்:

"இழுங்க நைனா. ஆனா மொதல் வாய் அவ குடிக்கணும். அதுதான் தாத்தா வச்சது. ஊர் முன்னால அவளுக்கு நீங்களே ஊத்துங்க."

முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

நைனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் பார்த்தார். குழந்தை, "தாத்தா, நான் குடிக்கறேன், எனக்குத் தாகம்" என்றாள். வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தவள். விளையாட்டு என்று நினைத்துச் சொன்னாள். எறங்குச்சோ, எறங்கலியோ என்று கேட்டவரிடம் அந்தக் கேள்வியே திரும்பி வந்து நின்றது.

நைனா கயிற்றைக் கழற்றினார். குடத்தை மறுபடியும் கவிழ்த்தார். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் தானும் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பந்தலிலிருந்து ஒரு பானையைத் தூக்கித் தோளில் வைத்தார். "வாங்கடா, ஆத்துக்குப் போவலாம்" என்றார். அந்த வயதில் அவர் பானை சுமந்து போவதைப் பார்த்தபின் ஊரில் எந்த ஆண்பிள்ளை நிற்பான்? செட்டியார் போனார். மஞ்சள் வேட்டிக்காரர் பையனை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கல்லெறிந்தவரும் போயிருப்பார். பந்தலில் அடுப்பு மூட்டினோம். வந்த தண்ணீரையெல்லாம் கொதிக்க வைத்து, ஆற்றி, கம்பத்தடியில் கிடந்த வயதானவருக்கு முதலில் கொடுத்தோம்.

அண்ணா இன்ஸ்பெக்டரோடு பொழுது சாயும் வேளைக்கு வந்து சேர்ந்தார். சைக்கிள் வழியில் பஞ்சராம். இன்ஸ்பெக்டர் மருந்து கரைத்து ஊற்றினார். கிணறு கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. காலையிலிருந்து அதைக் குடிக்கத் துடித்த ஊர், அந்த நிறத்தைப் பார்த்ததும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று ஓடியது. மேடை வெடிப்பை அண்ணாவும் நானும் அடுத்த நாளே பூசினோம். வண்டிப்பேட்டையில் படுத்திருந்த அந்த யாத்ரீகர் பிழைக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நடந்தது என்ன தெரியுமா? "ஒண்ணுமே இல்லாததுக்கு ஊரையே வெயில்ல காய வச்சா" என்று அக்காவை வருஷக்கணக்கில் திட்டினார்கள். ஒரு நாள் எனக்கே பொறுக்காமல் அக்காவிடம் கேட்டேன்: "எவ்ளோதான் கேட்டுக்கினு இருப்பே? பதில் சொல்லக் கூடாதா?"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஒண்ணும் ஆவலன்னுதானே திட்றாங்க? அதுக்குத்தான்டா உக்காந்தேன்" என்றார்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்கு மார்ச்சளி விடவில்லை. சித்தூரிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். அவர் கொடுத்த மருந்தைக் கலக்கின தண்ணீரைக்கூட அக்கா காட்டி, "எங்க மொண்டது?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார். முடிந்தவரை முதல் குடத்துக்குத் தானே நடந்தார். சித்திரையில் ஒரு காலை, குடத்துக்கு எழுந்திருக்கும் நேரத்தில் எழுந்திருக்கவில்லை.

எங்களுக்கு அழவே நேரம் போதவில்லை, குடத்தை யார் நினைத்தோம்? வெயில் வந்த பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. கிணற்றுக்கு ஓடினேன். சுவர்மேல் எங்கள் குடம், நசுங்கல் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் கைத்தடியோடு மங்கம்மா உட்கார்ந்திருந்தார்.

"இங்க இன்னாம்மா பண்றீங்க?"

"காவலு" என்றார். "ஒன்ன மாதிரி கொடத்துக்குப் பின்னால ஒளியாத காவலு. போ, போய் உங்க அக்காவுக்கு வேண்டியதப் பாரு. கொடத்த நாந்தான் எடுத்தாந்து கவுத்து வச்சேன், யாரும் கயிறு போட மாட்டாங்க."

சித்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் அன்று மாலை வந்து சேர்ந்தாள். மறுநாளிலிருந்து காரியங்கள் முடியும்வரை அவளே முதல் குடம் இழுத்து, முதல் வாய் குடித்தாள். இப்போது அண்ணாவின் பேத்தி அதைச் செய்கிறாள்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும், காரியங்களை நடத்திக் கொடுத்த சுவாமிகளுக்கும், காளஹஸ்தியிலிருந்து வந்த அத்தான் வீட்டு உறவுகளுக்கும் எங்கள் நமஸ்காரம். அந்தப் புரட்டாசியில் தங்கள் ஊற்றுகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர்கள், சாதியைச் சொல்லி நாங்கள் கிணற்றடிக்கே விடாத ஆற்றங்கரைத் தெருக்காரர்கள். எங்கள் கிணற்றை அவர்களுக்குத் திறந்துவிட எங்களுக்குப் பல வருஷம் ஆயிற்று, அதுவும் அக்காவின் பிடிவாதத்தால். அவர்களுக்குத் தனியாக நன்றி.

அக்கா போன அன்று ஊர் முழுக்க எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வந்தது. குளிப்பாட்ட, சமைக்க, வந்தவர்களுக்குக் குடிக்க, எல்லாவற்றுக்கும். எங்கிருந்து வருகிறது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. அக்கா இருந்திருந்தால் கேட்டிருப்பார். அப்புறம்தான் தெரிந்தது. ஊர்க்காரர்களே, குடம் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தீர்கள், ஏன் என்று ஒருவரும் கேட்காமல் ஆற்றுக்குப் போனீர்கள். சித்திரை மாதம். ஆறு காய்ந்திருந்தது. நீங்கள் எல்லாரும் மணலைக் கையால் பறித்துத்தான் எடுத்து வந்திருக்கிறீர்கள்.